நெய் பூசிய வேல்

எனக்கு ஒரு மோட்டார் கார் உண்டு. இப்படி ஆரம்பித்ததுமே நேயர்களில் சிலர், "ஓகோ! ஆசாமி பெருமையடித்துக் கொள்ளக் கிளம்பிவிட்டார்" என்று பக்கத்தைப் புரட்டி விடலாம். அவசரப்பட வேண்டாம். அந்தக் காரினால் எனக்கு வந்த பெருமை ஒன்றுமில்லை. அது எனக்கு ஒரு சரித்திரப் பாடம் கற்பித்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

காரை நான் வாங்கியது சென்னையில். கடற்கரை ஓரத்தில் ஒரு வீட்டு வாசலில் பல வருஷங்கள் நின்ற வண்டி. எந்தக் கம்பெனி தயாரித்தது என்று கேட்காதீர்கள். பின்னால் நடந்த அனர்த்தத்துக்கு அந்தக் கம்பெனி எந்த விதத்திலும் பொறுப்பாளியல்ல. வாங்கப் போன அன்று வண்டி நிலைக்கண்ணாடி மாதிரி பளபளத்தது. கதவில் என் முகத்தைப் பார்த்தேன். என் முகங்கூட அதில் சற்று லட்சணமாகத்தான் தெரிந்தது. அப்புறம் பேரம் பேச மனம் வருமா? கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, தருமபுரிக்கு ஓட்டிக் கொண்டு வந்து சேர்ந்தேன்.

அன்று முதல் காலையில் காபி சாப்பிட்டதும் கார் துடைப்பது என் நித்திய கர்மமாகிவிட்டது. எழுதவேண்டிய அத்தியாயம் மேஜைமேல் காத்திருக்கும். நானோ வாசலில் பனியன் வேஸ்டும் வாளியுமாக நிற்பேன். ஆழ்துளைக் கிணற்று ஜலத்தை வாளி வாளியாக இறைத்து ஊற்றுவேன். ஆனால் தருமபுரிப் பக்கத்தில் பூமிக்குள்ளிருந்து வரும் ஜலம் லேசுப்பட்டதல்ல. 'உப்புத் தண்ணீர்' என்று ஜனங்கள் சொல்வார்கள். வெயில் பட்டு அது காய்ந்ததும் காரின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். துடைக்கத் துடைக்க, அம்மைத் தழும்பு மாதிரி அங்கேயே இருக்கும்.

ஒருநாள் எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே, அதில் கழுவினால் என்ன? நாலு வாளி பிடித்து வைத்துக் கொண்டு ஆரம்பித்தேன். எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவி என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள். கால் வளைந்து, கோலை ஊன்றி நடக்கிறவள் அவள்.

"ஏன் சாமி, அந்தத் தண்ணியிலயா வண்டி கழுவறீங்க?" என்றாள்.

"ஆமாம், பாட்டி. போர்த் தண்ணி புள்ளி விழுகிறது" என்றேன்.

"நாங்க பாதி ஆயுசு வரைக்கும் அந்தத் தண்ணியத்தானே குடிச்சோம்! உங்க வண்டி அதுல குளிக்கக் கூடாதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல வருஷங்கள் அதைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். எலும்பும் மூட்டும் கெடும். அந்தத் துன்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் காவேரித் தண்ணீர் குழாய்களில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் நான் காரின் மட்கார்டில் ஊற்றிக் கொண்டிருந்தேன்! வாளிகளை எடுத்துக் கொண்டு உள்ளே போய்ச் சமையலறைப் பானையில் ஊற்றினேன். கிழவி வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் எனக்குப் புத்தி முழுவதும் வந்துவிடவில்லை. மறுநாள் முதல் பழையபடி போர்த் தண்ணீர், பழையபடி பளபளப்பு.

அனர்த்தம் நடந்தது ஓர் ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து என் தங்கையும் அவளுடைய பேரனும் வந்திருந்தார்கள். ஒகேனக்கல் அருவியைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினோம். பென்னாகரத்தை நெருங்கும்போது பின் ஆசனத்திலிருந்து பையன் உற்சாகமாகக் கூவினான்:

"தாத்தா! காருக்குள்ளே ரோடு ஓடுது!"

குழந்தைகளின் கற்பனா சக்தியை மெச்சிக் கொண்டே திரும்பிப் பார்த்தேன். பையன் ரப்பர் விரிப்பைக் காலால் ஒதுக்கியிருந்தான். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக நிஜமாகவே சாலை ஓடிக் கொண்டிருந்தது.

எப்படியோ பென்னாகரத்தில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். பட்டறைக்காரர் வயதானவர். அவர் காரின் பளபளப்பை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாயை விரித்து அடியிலே படுத்துக் கொண்டார். கையில் ஒரு திருப்புளி. அதன் கைப்பிடியால் அங்கங்கே தட்டினார். சில இடத்தில் 'டங்' என்றது. பல இடத்தில் 'பொத்' என்றது. 'பொத்' என்ற இடத்தில் திருப்புளியைத் திருப்பி ஒரு குத்துக் குத்தினார். கறுப்புப் பெயிண்டும் பட்டியும் பெயர்ந்து, செம்மண் மாதிரிப் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயா, வண்டி வாங்கறப்ப தடவிப் பாத்து வாங்கினீங்களா, தட்டிப் பாத்து வாங்கினீங்களா?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

"தடவித்தான்" என்றேன்.

"அதான்" என்றார். பிறகு ஒரு மெல்லிய குழாயை விரலால் காட்டினார். பிரேக்குக்கு ஆயில் போகும் இரும்புக் குழாய். அது முழுவதும் சொறி பிடித்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினார். ஒரு பொட்டு ஆயில் கசிந்தது. "இங்கேயிருந்து ஒகேனக்கல் போறப்ப மலை இறக்கமுங்க. இறக்கத்துல பிரேக்கை ஓங்கி மிதிச்சிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துவிட்டு நிறுத்திக் கொண்டார்.

எனக்குக் கால் நடுங்கிற்று. பட்டறை வாசலில் புளிய மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். தங்கையையும் பையனையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இதே சீமையில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். சாவைத் தள்ளிப் போடும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்தானே, அதே அதியமான்தான். இது வெறும் கர்ண பரம்பரை என்று எண்ணிவிட வேண்டாம். திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981-ஆம் ஆண்டில் ஒரு குகைக் கல்வெட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. ஸதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகையைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அசோகனுடைய சாஸனத்தில் சோழர், பாண்டியர், சேரர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஸதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகு காலம் மண்டையை உடைத்துக் கொண்டிருந்தார்கள். ஜம்பைக் கல் அந்தப் புதிரை விடுவித்தது.

இந்த அதியமானுக்காக ஒளவை தொண்டைமானிடம் தூது போனாள். தொண்டைமான் அவளைத் தன் ஆயுதசாலைக்கு அழைத்துக் கொண்டு போய்க் காட்டினான். 'பார், என் பலத்தை!' என்பது கருத்து. ஒளவை பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக இருக்கிறது. அதன் தாத்பரியம் இதுதான்: உன்னுடைய ஆயுதங்கள் மயில் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செப்பனிடப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய சிறு குடிசையில் கிடக்கின்றன.

புகழ்வதுபோல் இகழ்வதும், இகழ்வதுபோல் புகழ்வதும் இந்தப் பாட்டில் இருப்பதைத் தமிழாசிரியர்கள் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். நானும் பள்ளிக்கூட நாள் முதல் ஒளவை பக்கம்தான். ஆனால் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது என் கட்சி சற்று ஆட்டங்கண்டது. அந்தப் பாட்டில் 'நெய்' என்று ஒரு சொல் வருகிறதே, அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. மயில் பீலியும் மாலையும் அலங்காரம். நெய் அலங்காரமல்ல. தொண்டைமானுடைய கொட்டிலில் யாரோ ஒருவன் இரும்பின் சுபாவத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்!

இரும்பின் சுபாவம் என்ன? பூமியில் அது பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிக் கிடக்கிறது. கரியைப் போட்டு, துருத்தி ஊதி, அந்தப் பிராணவாயுவைத் துரத்தியடித்த பிறகுதான் இரும்பு நம் கைக்கு வருகிறது. வந்த நாள் முதலாக அதற்குப் பிறந்த வீட்டு ஞாபகந்தான். கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் காற்றும் கிடைத்தால் போதும், மூட்டையைக் கட்டிவிடும். அந்தப் பிரயாணத்துக்குத்தான் துரு என்று பெயர். ஈரம், காற்று இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்புச் சேர்ந்தாலோ வேகம் பல மடங்கு. என் கார் கடற்காற்றிலே பல வருஷம் நின்றது. அப்புறம் நான் உப்புத் தண்ணீரால் தினந்தோறும் அபிஷேகம் செய்தேன். ரப்பர் விரிப்பின் அடியில் தேங்கிய ஈரத்தை ஒரு நாளும் எடுத்து உலர்த்தவில்லை. இரும்பு வேறு என்ன செய்யும்?

அலுமினியத்தின் மேலும் காற்றுப் பட்டால் ஒரு படலம் படிகிறது. ஆனால் அது கவசம் மாதிரி உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படியல்ல. அது சல்லடை. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொண்டு உப்பிப் பெயர்ந்து, அடுத்த பந்திக்கு இலை போடுகிறது. பெயிண்ட் கொப்பளிப்பதைப் பார்த்தால், அடியிலே விருந்து நடக்கிறது என்று அர்த்தம்.

இரும்புக்கும் தகடூர்ச் சீமைக்கும் உள்ள உறவு அதியமானைவிடப் புராதனமானது. 2004 வரை தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இப்போது கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கும் மயிலாடும்பாறையில் தொல்பொருள் இலாகாவினர் தோண்டியபோது கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் இதைவிடவும் பழைய காலக் கணக்குகள், தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளையிலிருந்து, வெளிவந்தன. அடுத்த வீடான சேலத்துக் கஞ்சமலை இரும்புத் தாதுவுக்குப் பெயர் போனது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராகச் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் நம் கொல்லர்கள் எஃகு செய்வதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மண் மூசையில் இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். கூட ஆவாரங் குச்சி. மேலே எருக்கிலையால் மூடி, களிமண்ணால் பூசி, உலையில் வைத்து ஊதுவார்கள். அவ்வளவுதான், உலகமெல்லாம் தேடி வந்த எஃகு தயார்! ஹீத் துரை 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலையே வைத்தார். ஆலை அவருக்கு லாபம் கொடுக்கவில்லை. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் பேடண்ட் வாங்கினார். ஷெபீல்டு நகரத்து ஆலைக்காரர்கள் அதனால் லாபமடைந்தார்கள். அவருக்கோ கோர்ட்டு வழக்குகள்தான் மிஞ்சின.

அதற்கும் முன்னால், லண்டனில் ஒரு கொல்லனுடைய மகன் நம் நாட்டு எஃகுத் துண்டை வைத்துக் கொண்டு அதன் ரகசியத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். பிற்காலத்தில் மின்சார சாஸ்திரத்தின் தந்தையாகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடேதான் அவர். 1819-ல் இந்திய எஃகைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பிறகு ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியுடன் சேர்ந்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். கூர்மையும் வேண்டும், துருவும் எளிதில் பிடிக்கக் கூடாது. அந்த ஆசை அவர் காலத்தில் முழுமையாகக் கைகூடவில்லை. 1913-ல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் சுமார் 13 சதவிகிதம் குரோமியம் சேர்த்த எஃகைச் செய்தார். அதுதான் நம் வீட்டுச் சமையலறையில் பளபளக்கும் எவர்சில்வரின் மூதாதை. வேடிக்கை என்னவென்றால், அந்த வித்தை மறுபடியும் சேலத்துக்கே வந்து சேர்ந்தது. சேலம் உருக்காலை 1981 முதல் செய்வது இந்தத் துருப் பிடிக்காத எஃகைத்தான்.

அதற்காக நம் முன்னோர் துருவை ஜெயிக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டில்லியில் குதுப் மினாருக்கு அருகே 7 மீட்டருக்கு மேல் உயரமும் 6 டன்னுக்கு மேல் கனமும் உள்ள இரும்புத் தூண் சுமார் 1600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து, அந்த இரும்பில் உள்ள அதிகப்படியான பாஸ்பரஸ் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்று விளக்கினார். ஆக, அந்தத் தூணின் மேலும் ஒருவித நெய் பூசப்பட்டுத்தான் இருக்கிறது!

எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்ந்தது துத்தநாகத்தின் கதை. இரும்பின் மேல் துத்தநாகத்தை முலாமாகப் பூசும் முறைக்குப் பிரான்ஸ் தேசத்து ஸொரேல் என்பவர் 1837-ல் பேடண்ட் வாங்கினார். இப்போது வரும் கார்களில் பலவற்றின் தகடுகளுக்கு இந்த முலாம் உண்டு. முலாமில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் சும்மா இராது. அரிப்பைத் தன் மேல் இழுத்துக் கொண்டு, தான் கரைந்து, இரும்பைக் காப்பாற்றும். நெல்லிக்கனியை நீட்டிய அதியமானின் கை எனக்கு ஞாபகம் வந்தது.

பட்டறைக்காரர் கூப்பிட்டார். வேலை முடிய நாலு நாள் ஆகும் என்றார். அழுகிய தகட்டையெல்லாம் வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து ஒட்டவேண்டும். பிரேக் குழாய்கள் புதிதாகப் போடவேண்டும். "இதுக்கு மேல பட்டி வச்சி மறைச்சித் தரச் சொல்லாதீங்க. அது நான் செய்யறதில்லை" என்று எச்சரிக்கையும் செய்தார்.

நாலு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது எனக்கு உபதேசமும் கிடைத்தது. நேயர்களில் கார் உள்ளவர்கள் கேட்டுக் கொள்ளலாம். மேலே துடைப்பதற்கு முன்னால் அடியிலே கழுவ வேண்டும்; மட்கார்டின் உள் விளிம்பில் ஒட்டிய சேறுதான் ஈரத்தை நாள் கணக்கில் பிடித்து வைத்திருக்கும். கதவின் அடியில் சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டால் மழை ஜலம் கதவுக்குள்ளேயே தங்கும். குச்சியால் குத்திவிட வேண்டும். வெயிலில் கழுவக் கூடாது. கழுவினால் ஈரம் போக உடனே துடைக்க வேண்டும். விரிப்பை எடுத்து வாரம் ஒரு முறை உலர்த்த வேண்டும். கல் பட்டுத் தெறித்த இடத்தில் அன்றைக்கே ஒரு பொட்டுப் பெயிண்ட் வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அடித்தகட்டில் துரு காக்கும் பூச்சு அடிக்க வேண்டும். மெழுகும் பளபளப்பும் கடைசியில்.

"இவ்வளவுக்கும் ரெண்டு வாளித் தண்ணி போதுமுங்க" என்று முடித்தார். எதிர் வீட்டுக் கிழவியும் இவரும் பேசி வைத்துக் கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

திரும்பும் வழியில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் உயிர் விட்ட வீரர்கள் ஓங்கிய வாளும் வில்லுமாகக் கல்லிலே நிற்கிறார்கள். அந்த வாள்களெல்லாம் எங்கே? மண்ணோடு மண்ணாய்ப் போய்விட்டன. கல்லில் செதுக்கிய வாள் இருக்கிறது. கையில் பிடித்த வாள் இல்லை. அதியமானுடைய தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையெடுப்பில் விழுந்தது. அந்த யுத்தத்தைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலிலும் சில பாட்டுக்களே நமக்கு மிஞ்சியிருக்கின்றன. ஏட்டையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவிப் பிரதி செய்து வைக்க ஆள் வேண்டும் அல்லவா?

ஒளவையின் பாட்டில் இரண்டு வகை வேல்கள் வருகின்றன. ஒன்று நெய் பூசிய வேல். மற்றொன்று உழைத்துத் தேய்ந்து கொல்லனிடம் போன வேல். எதில் வீரம் அதிகம் என்று ஒளவையும் தொண்டைமானும் வாதாடிக் கொள்ளட்டும். இரண்டிலும் துரு இல்லை. இரண்டையும் கவனிக்க ஓர் ஆள் இருந்தான். துருப் பிடிப்பது மூன்றாவது வகை: மேலே துடைத்து, மாலை போட்டு, அடியில் பார்க்காமல் விட்டது. அந்த வகையைச் சேர்ந்த ஒன்றைத்தான் நான் கதவில் முகம் பார்த்து வாங்கினேன். அதிலேதான் ஒரு குழந்தையை ஏற்றிக் கொண்டு மலை இறக்கத்துக்குப் புறப்பட்டேன்.

இப்போதெல்லாம் என் காரின் மேல் தருமபுரிப் புழுதி லேசாகப் படிந்திருக்கும். "என்ன சார், வண்டி துடைக்கிறதையே விட்டுட்டீங்க போலிருக்கே?" என்று தெருவில் போகிறவர்கள் விசாரிக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் நான் பாயை விரித்து அடியிலே படுத்துக் கொள்வது அவர்களுக்குத் தெரியாது.

அப்படிப் படுத்திருக்கும்போது அடிக்கடி ஒருவனை நினைத்துக் கொள்வேன். அதியமானின் பெயர் தெரியும். தொண்டைமானின் பெயர் தெரியும். பாடிய ஒளவையை உலகமே அறியும். தொண்டைமானின் கொட்டிலில் ஒவ்வொரு வேலாக எடுத்து நெய் பூசி வைத்தானே, அவன் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.